மல்லாட்டைக்கு அடித்த மருந்து

செய்தி வந்தபோது பூங்காவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நடைப்பயிற்சிக்கு வந்த நம் சங்கச் செயலாளர், அவரோடு நடந்த பொருளாளர், பால்காரர், வாட்ச்மேன் தனபால், பிள்ளையாருக்கு அருகம்புல் பறித்துக்கொண்டிருந்த நான். தனபாலின் ஃபோன்தான் அடித்தது. கேட்டுவிட்டு, "நம்ம தோட்டக்கார ஏழுமல போய்ட்டாருங்க. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ளயே..." என்றார். செயலாளர் தொப்பியைக் கழற்றி, "அடப்பாவமே, தங்கமான மனுஷன்" என்றார். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் என்று இந்தக் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் நம் வீடுகளுக்கு நடுவே இருக்கும் புல்தரையை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை அண்ணன். எனக்கு அவர் அறிமுகமானதே என்னைத் திட்டித்தான். ஒரு சதுர்த்தியன்று, சிவப்புத் துணி முடிந்த கயிற்றைத் தாண்டிப் போய், புல்தரைக்குள் முளைத்த அருகைப் பறித்துவிட்டேன்.

"யம்மா! கயிறு கட்டினது கண்ணுல படலையா? அது மருந்து அடிச்ச அருகு. சாமி தலைல வெக்காதீங்க, ஜூஸ் போட்டு வீட்டுக்காரருக்கும் குடுத்துடாதீங்க!"

கையில் இருந்ததை வாங்கிக் குழியில் போட்டு மூடினார். பிறகு பிள்ளையார் மேடைக்குப் பின்னால் தனியாக விட்டுவைத்திருந்த அருகைக் காட்டினார். "இது அவரு பங்கு. இங்க ஒரு சொட்டு மருந்து விழாது." எட்டு வருஷமும் விழவில்லை.

நம் தரையில் இருப்பது கொரியன் புல். அதற்குள் அருகு ஏறினால் தரை திட்டுத்திட்டாகக் கெட்டுப்போகும். புல்லுக்குள் நுழைந்த இன்னொரு புல்லை மட்டும் அடக்குவது லேசான வேலை இல்லை. அதற்கென்று மருந்து உண்டு. ஆனால் அளவு கொஞ்சம் ஜாஸ்தியானால் கொரியன் புல்லும் மஞ்சளாகிவிடும். டப்பாவில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து இங்கிலீஷை என்னிடம் கொண்டுவருவார். நான் எட்டாவதோடு நின்றவள், அகராதி வைத்து நானாகப் படித்தவள். வரிவரியாகச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி, காற்று எங்கிருந்து என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஒருமுறை மருந்தடிக்கும் முன் அவர் விபூதியைக் காற்றில் விடுவதைப் பார்த்து, "அண்ணாமலையாருக்கு வேண்டுதலா?" என்று கேட்டேன். "காத்து பாக்கறேம்மா. மடியில இதான் இருந்துது. அவரு கோச்சிக்க மாட்டாரு" என்றார்.

புது மருந்து எதையும் அவர் தரை முழுவதும் அடித்ததில்லை. குழாயடியில் ஒரு பாய் அகலத்துக்கு அடித்துவிட்டுப் பத்து நாள் பார்ப்பார். "பாய் அளவு போனா நட்டுக்கலாம். மொத்தமும் போனா யாரு பதில் சொல்றது?" என்பார். யார் பதில் சொன்னார் என்று இனி சொல்கிறேன்.

போன வருஷம் செயலாளர் நிலக்கடலைக்கு அடிக்கும் களைக்கொல்லி பாட்டில் ஒன்றோடு வந்தார். நான் பிள்ளையார் மேடையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்க நிலத்துல மல்லாட்டைக்கு அடிச்சதுய்யா. செலக்டிவ்! கடலைச் செடி அப்படியே நிக்குது, புல்லு மட்டும் காலி. நீ இன்னாடான்னா பாய் போட்டுப் பாத்துக்கினே கீற."

ஏழுமலை அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், மல்லாட்ட புல்லு இல்ல, அதனால பொழச்சுது. இங்க நாம வளக்கறதே புல்லுதானே? ரெண்டும் சேந்து போய்டும்."

"எனக்கே விவசாயம் சொல்லித் தரியா?"

"இல்லீங்க. ஒரு பாய் அளவு அடிச்சுக் காட்டட்டா?"

செயலாளர் பாட்டிலோடு போய்விட்டார். அடுத்த வாரம் ஏழுமலை அண்ணன் தன் தம்பி மகள் கல்யாணத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போனார். மறுநாள் காலை அவருடைய மருந்தடிக்கும் டேங்க் தனபாலின் முதுகில் இருந்தது. பக்கத்தில் செயலாளர். மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த நான், "அண்ணன் இல்லாம அடிக்கறீங்களே?" என்று கத்தினேன். "செயலாளர் சொல்லிட்டாரும்மா" என்றார் தனபால். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கயிறுகூடக் கட்டவில்லை. பத்தாம் நாள் தரை மஞ்சள். மாதம் முடிவதற்குள் வைக்கோல்.

பிறகு கூட்டம். 'தோட்டக்காரர் ஏழுமலையின் கவனக்குறைவால் புல்தரை அழிந்தது' என்று செயலாளர் சொல்லச் சொல்லத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். கதவோரம் நின்ற அண்ணன், "நான் ஊர்லயே இல்லீங்க. நோட்டப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நோட்டு என் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது. நான்கு வீடு தள்ளி. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் எழுந்திருக்கவில்லை. தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு என்ன பயம்? தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். செயலாளர்மேல் வரும் கோபத்தில் பாதி என்மேல் வருவது அதனால்தான்.

அண்ணன் மறுநாளும் வந்தார். நாற்று நடுவதுபோல் கொரியன் புல்லைக் கொத்துக்கொத்தாக நட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க எழுதி வெச்சிருக்கீங்கல்ல, அது போதும்மா. எழுதினது எங்க போய்டப் போவுது?" என்றார். இப்போது நீங்கள் காலாற நடக்கும் தரை அவர் நட்டது.

அவமானத்தால் செத்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். நேற்று துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி செல்வி ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் புஸ்தகத்துல அவரு பேரு இன்னும் அப்படியேதான் இருக்குதாம்மா?"

செயலாளர் அவர்களே, இரங்கல் தீர்மானம் போடப் போவதாகச் சொன்னீர்கள். அதே புத்தகத்தில், அந்த வரிக்குச் சில பக்கம் தள்ளி, 'தங்கமான மனுஷன்' என்று எழுதப் போகிறீர்களா?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நோட்டு. அன்றைய பக்கத்தில் அன்றே எழுதியது இது: 'ஏழுமலை ஊரில் இல்லை. தனபால் அடித்தார், செயலாளர் சொல்லி. மல்லாட்டை மருந்து. பாய் அளவு பார்க்கவில்லை. கயிறு இல்லை.' இந்த முறை கூட்டத்துக்கு நோட்டோடு வருவேன். யார் முழங்கையைத் தொட்டாலும் எழுந்திருப்பேன்.

அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுவீர்களா, மாட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்குள் செல்விக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.