பன்னிரண்டு மடங்கு ஜூமும் ஒரு முகமும்

1. கேமரா கடையில் இல்லை

ஸ்டுடியோ வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ் பைக்கை அணைக்காமலே கேட்டார்: "அண்ணே, நேத்து எங்கப்பா திருப்பிக் குடுத்த கேமரா எங்க?"

அவருடைய அப்பா அந்தோணிசாமி, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு கன்னியாகுமரி போக எங்களிடம் கேமரா வாடகைக்கு எடுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் கொண்டுவந்து தந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்றார் பிரான்சிஸ். மறுநாள் அடக்கம். வாசலில் வைக்கப் படம் வேண்டும். வீட்டில் வேறு படமே இல்லையா என்று கேட்டேன்.

"வோட்டர் ஐடி இருக்குது. அதப் பாத்தா இது நான் இல்லன்னு அவரே சொல்லிடுவாரு."

கேமரா கடையில் இல்லை என்றேன். முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் இல்லாததால் கார்டிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அன்று காலை கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ராமலிங்கம் வேன் வைத்து, குடும்பத்தோடு பிச்சாவரம் போகிறேன் என்று கேமராவை வாங்கிப் போய்விட்டார். பழைய படங்கள் அதே கார்டில்தான் இருந்தன. எங்களிடம் வேறு கார்டு கிடையாது. அவருடைய செல்போனுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். வேன் சேத்தியாத்தோப்பில் நின்று ராமலிங்கத்தின் மச்சான் வீட்டாரை ஏற்றிக்கொண்டுதான் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் சட்டைப்பையில் கிடந்த சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்து என் கையில் வைத்தார். "இதக் குடுத்துட்டு அத வாங்கிட்டு வா சேகரு. நீயே பேசு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கேமராவில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை அதன்மேல் போட்டிருக்கும் அடையாளத்தை வைத்துப் பழகிக்கொண்டேன். மனிதர்களிடம் பேசத்தான் பழகவில்லை. பின்னறையில் பிரிண்ட் வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. பிரான்சிஸின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

2. வெள்ளாற்றுப் பாலத்தருகே

அந்தக் கேமராவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதை பிரிட்ஜ் கேமரா என்பார்கள். லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவுக்கும் பையில் போடுகிற சின்னக் கேமராவுக்கும் இடைப்பட்டது. பக்கத்தில் இருப்பதையும் எடுக்கலாம், பன்னிரண்டு மடங்கு ஜூம் இழுத்துக் கோபுரக் கலசத்தையும் எடுக்கலாம். எதையும் கழற்றி மாட்ட வேண்டாம். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு ரொம்ப வசதி. குறைகளும் உண்டு. இருட்டான மண்டபத்துக்குள் எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி விழும். முழு ஜூமில் கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். நாலு பென்சில் பேட்டரியையும் சீக்கிரம் குடித்துவிடும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். இன்னொன்றை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சேத்தியாத்தோப்பில் பாலத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றது. ராமலிங்கம் கீழே இறங்கி, கழுத்தில் தொங்கிய கேமராவைக் குனிந்து பார்த்து ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவரே ஆரம்பித்தார்.

"நல்ல நேரத்துல வந்தப்பா. கார்டு ஃபுல்லுன்னு வருது. எவனோ கடலு கடலா எடுத்து வச்சிருக்கான். ஒண்ணொண்ணா அழிச்சிட்டிருக்கேன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வேனிலிருந்து அவருடைய மச்சான் குதித்து வந்தார். "யார்யா நீ? எங்க மாமா கையப் புடிக்கிற?"

பிரான்சிஸ்தான் சொன்னார். "எங்கப்பா காலைல தவறிட்டாருங்க. அவரு படம் இதுலதான் இருக்குது."

ராமலிங்கம் வாரைத் தலைவழியாகக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

பேட்டரி அடையாளம் சிவப்பாக மின்னியது. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடல். திருவள்ளுவர் சிலையின் முகம் மட்டும். தூரத்துப் படகில் வலை இழுக்கிறவரின் முதுகு. அலைக்கு மேலே ஒரு பறவை. பாறையில் நிற்கிற யார் யாரோ. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் அவ்வளவு துல்லியம். இரண்டு மூன்றில் பிரான்சிஸின் அம்மாவும் இருந்தார். அதுவரை பார்த்த எதிலும் அந்தோணிசாமி இல்லை. எடுத்தவர் அவர்தானே. தூரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்து இழுத்து எடுத்திருக்கிறார். அவரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்றே நினைத்தேன்.

"எங்கப்பா எங்கண்ணே?" என்று கேட்ட பிரான்சிஸ், சட்டென்று திரும்பி ராமலிங்கத்தின் சட்டையைப் பிடித்துவிட்டார். "நீ அழிச்சதுலதான் இருந்திருக்கும்."

மச்சான் கையை ஓங்கினார். வேனுக்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். நடுவில் போய் நின்றேன். எப்படிப் பேசினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"தம்பி, சட்டைய வுடுங்க. இந்தக் கேமரா கடைசியா எடுத்ததத்தான் மொதல்ல காட்டும். இவரு கடைசிலேருந்துதான் அழிச்சிருக்காரு. ஆரம்பத்துல எடுத்தது அப்படியே இருக்குது. அதையும் பாத்துடலாம்."

பிரான்சிஸ் கையை எடுத்தார். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கார்டில் முதலாவதாக இருந்தது விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரம். அது போட்டோ இல்லை. ஓரத்தில் வீடியோ அடையாளம் இருந்தது; கேமராவின் மேலே உள்ள வட்டத்தைத் தெரியாமல் திருப்பிவிட்டால் போட்டோவுக்குப் பதில் வீடியோ பதியும். அமுக்கினேன்.

காலை வெயிலில் அந்தோணிசாமி பெட்டி பக்கத்தில் நிற்கிறார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, கேமராவை நோக்கி நடந்து வருகிறார். "அந்த வட்டத்தத் திருப்பாத. பயப்படாம அமுத்து மரியா, சும்மா அமுத்து." முகம் நெருங்கி வந்தபோது திரை கறுத்துவிட்டது.

"போயிடுச்சா?" என்றார் பிரான்சிஸ்.

பேட்டரிதான் தீர்ந்தது, படம் கார்டில் இருக்கிறது என்றேன். முதலாளியின் சின்னக் கேமராவை நீட்டினேன். இதில் எவ்வளவு ஜூம் இருக்கிறது என்று மச்சான் கேட்டார்.

"நீ சும்மா இருடா," என்றார் ராமலிங்கம். பிரான்சிஸிடம் "பாத்துப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

3. சின்னப் படம்

முதலாளி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு முகத்தை எடுத்தார். பிரான்சிஸ் ஆளுயர பேனர் கேட்டார். அந்தக் காலத்துக் கேமராவில் வீடியோ மிகச் சின்னதாகத்தான் பதியும். பெரிதாக்கிக் காட்டினார் முதலாளி. மூக்கு படிக்கட்டுபோல் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைசியில் போஸ்ட்கார்டு அளவில் போட்டுக்கொடுத்தோம். வாசலில் நாற்காலியில் வைத்த அந்தப் படத்தை, வந்தவர்கள் எல்லோரும் கிட்டப் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு கல்லறைக்காக, அவரோடு சூளையில் வேலை செய்தவர்கள் அதே முகத்தைச் சிறிய பீங்கான் வில்லையில் ஏற்றிச் சுட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சின்ன அளவுக்கு அந்த முகம் கச்சிதமாக இருந்தது.

அடக்கத்துக்குப் படம் கொண்டுபோனபோது கேமராவையும் எடுத்துப் போயிருந்தேன், சார்ஜ் ஏற்றிய பேட்டரி போட்டு. பிரான்சிஸின் அம்மாவின் அருகில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. காதைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

"அமுத்துனேன்பா," என்றார் என்னிடம். "படம் வுழலன்னு சொல்லிட்டு அவரே கேமராவ வாங்கிக்கிட்டாரு. அதுக்குள்ள வண்டியும் வந்துடுச்சு. இத்தன நாளும் வுழலன்னே நெனச்சிருந்தோம்."

அதற்குப் பிறகும் வாடிக்கையாளர்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. ஆனால் கேமரா வாடகைக்குக் கேட்டு வருகிற குடும்பத்திடம், உங்களில் போட்டோ எடுக்கப்போவது யார் என்று கேட்பேன். அந்த ஆளைக் கடை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஜூமை இழுக்காமல், முதல் படத்தை நானே எடுத்துவிட்டுத்தான் கேமராவைக் கையில் கொடுப்பேன்.