ஜீவாவுக்கு வைத்த பட்டு நூல்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்த பிள்ளைகள் ஐந்து. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு. ஐவரையும் தம்பூரா ரிப்பேர் கடை வேலையில்தான் ஆளாக்கினேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் தறி. தந்தியை மீட்டும்போது அந்தத் தறிச் சத்தம் மெல்ல மெல்லத் தள்ளிப்போய், ஆற்றுக்கு அக்கரையில் யாரோ நெய்வதுபோல் கேட்டால் அது நல்ல தம்பூரா. எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

என் வேலை ஜீவா வைப்பது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கும் நடுவே செருகும் சின்ன நூலுக்கு அந்தப் பெயர். மயிரிழை நகர்ந்தாலும் ரீங்காரம் படுத்துவிடும்.

போன உற்சவத்துக்குக் கோயிலில் பாட வேண்டிய அம்மா ஒருவர், தம் தாயாரின் தம்பூராவைக் கொடுத்திருந்தார். குடத்தில் விரிசல். முதலாளி பலாமரத் துண்டு வைத்து ஒட்டினார். வழக்கமாக நான் வைப்பது பருத்தி நூல். பெரிய கச்சேரியாயிற்றே என்று, பழைய நூலை எடுத்துவிட்டு நாலு தந்திக்கும் பளபளவென்று பட்டு வைத்தேன். மீட்டிப் பார்க்கவும் இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கச்சேரியன்று காலை அந்த அம்மா வந்தார். ஒட்டைப் பார்த்தார். மீட்டினார். முகம் வாடியது.

"என்னப்பா இது? எங்கம்மா குரலே போயிடுச்சு. ஒட்டு போட்டா அவ்ளோதான்."

"ஒட்டு நல்லாத்தாம்மா இருக்குது," என்றார் முதலாளி.

"வேணாம்பா. சாயங்காலம் சுருதிப் பெட்டியே வெச்சுக்கறேன். இது பரண்லயே கெடக்கட்டும்."

அவர் மீட்டியபோதும் பக்கத்துத் தறி என் காதுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, பழைய நூலை எறியவில்லை. சுருக்குப் பையில் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் சுவத்துப் பக்கம் திரும்பி உக்காரு. கண்ண மூடிக்கோ."

"இன்னாக்கா, வந்தவங்கள இப்டியா சுவத்தப் பாக்க வெப்பே?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"நீ சும்மா இருப்பா. ஒட்டு உன்னுது, நூல் என்னுது."

பட்டை உருவினேன். நைந்த பருத்தியைச் செருகி, மயிரிழை மயிரிழையாகத் தள்ளி மீட்டினேன். நாலு தந்தியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. தறி தள்ளிப்போனது, தெரு தள்ளிப்போனது. மூன்று ஆறு கூடும் திருமுக்கூடலில் முழங்கால் தண்ணீரில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

 அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "இதுதான் எங்கம்மாவோடது. அப்போ நான் மொதல்ல மீட்டினது எது?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒட்டுல தப்பு இல்ல. பட்டு வெச்சவ நான்."

அவர் திரும்பி, ஒட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். மாலையில் அந்தத் தம்பூராதான் கோயிலில் அவர் பின்னால் நின்றது.

அவர் காது சரியாகத்தான் சொன்னது. கண்தான் பழியை ஒட்டின்மேல் போட்டது. என் கண் பளபளப்பில் மயங்கியது. அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டுதான் ஜீவா வைக்கிறேன்.

எழுத்துக் கூட்டி இதை நானே எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "படிச்சுக் காட்டும்மா. கண்ண மூடிக்கினு கேக்கறேன். தறிச் சத்தம் கிட்ட கேட்டுதுன்னா நிறுத்தச் சொல்றேன்."