பிஜியாரின் மார்கழி

பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் தோகையை உரித்தேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். இடுப்பில் நிற்காத பேண்ட், கையில் ஒரு நோட்டு. பசிபிக் தீவுகளுக்குக் கூலியாகப் போன நம் ஆட்களின் வரலாற்றை எழுதிக் கிழிக்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான். அதுவும் பாதி வருடம் வறண்டு கிடக்கும்.

பசுவந்தனையில் ஒரு பெரியவர் பிஜியில் ஐந்து வருடம் கரும்பு வெட்டித் திரும்பியவர் என்று கேள்விப்பட்டேன். ஊரே அவரைப் 'பிஜியார்' என்றது. சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. பஞ்சாயத்தில், "கடல் தாண்டுன மனுசன் சொல்லுதாரு" என்று யாராவது ஆரம்பித்தால் அதற்குமேல் மறுபேச்சு கிடையாது. மழையில் குழைந்த கரிசல் செருப்பில் அப்பிக்கொள்ள, எட்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நடந்தேன். நோட்டு நிரம்பியது. எட்டாவது நாள் சொன்னார்:

"மார்கழி மாசம் அங்கன குளிருல பல்லு கிட்டிரும் தம்பி. காஞ்ச தோகையைக் கொளுத்திக் குளிர் காய்வோம்."

அழகான வரி என்று அடிக்கோடு வேறு போட்டேன். திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. பிஜி இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே; அங்கே மார்கழி கோடைக்காலம். எனக்குப் பூகோளம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அடுத்த வாரம் கேட்டேவிட்டேன். மனைவியைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"மெட்ராசுல, கப்பலேத்துற டிப்போவுல, கண்ணு சரியில்லன்னு கழிச்சிட்டான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்கு வர? தஞ்சாவூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கிட்டுக் கெடந்தேன். எழுதிராதீய தம்பி. இவளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

என் முதல் கட்டுரையே அவர்தான். அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தலைப்பு மட்டும். மனசில்லாமல் எழுதவில்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் குடத்தோடு அந்த அம்மாள்.

"சொல்லிட்டாவளா?"

நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். பிஜியிலேருந்து வந்தவிய வாயில தஞ்சாவூர்ப் பேச்சு வந்துது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவிய ஒடிஞ்சிருவாவ. எழுதிராதீய, என்ன?"

அந்த அம்மாளுக்கும் சரியென்று சொல்லிவிட்டு வந்து நோட்டைப் பரணில் போட்டேன். ஆய்வுக்கு அனுப்பிய பேராசிரியரிடம் வயிறாரத் திட்டு வாங்கினேன். பிறகு நானே பிஜிக்குப் போய், எத்தனையோ பேரின் வாழ்க்கையை அடிக்குறிப்போடு எழுதிப் பெயரும் வாங்கினேன். இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.

இன்று அவரும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை. பசுவந்தனையில் போய்ப் பிஜியார் என்றால், "யாரு?" என்கிறார்கள். இருவருக்கும் கொடுத்த வாக்கை மீறி இதோ எழுதிவிட்டேன். சண்டைக்கு வர ஒருவராவது இருந்திருக்கலாம்.