விமானத்துக்காகக் காத்திருந்த ஏப்பம்

பல்லாவரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடிக்கு மேலாகத்தான் விமானங்கள் இறங்கும். குடிபோன முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். விமானம் வரும்போது அந்தத் தெருவில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்கள். இடையில் கிடைக்கும் சில விநாடிகளில் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், விரல்களில் நெட்டி முறிப்பார்கள். வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாடிப்படியில் உட்கார்ந்து ஏப்பத்தை அடக்கி வைத்திருப்பார். விமானம் நேர் மேலே வந்ததும் விடுவார்.

"நீங்களும் வுடுங்க சார். பிளேன் இட்டுகினு பூடும்" என்றார் ஒருநாள்.

அவருடைய ஏப்பம் விமானத்தையும் தாண்டி எங்கள் சமையலறை வரை கேட்கும். அது அவருக்கு மட்டும் தெரியாது. "ரெண்டாவது பிளேனும் இறங்கிடுச்சு" என்பாள் என் மனைவி. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பழகியும் விட்டேன். என்னுடைய ஏப்பம் யாருக்கும் கேட்பதில்லை என்று நம்பினேன்.

நகரத்தில் புதிது புதிதாக எஃப்.எம். நிலையங்கள் வந்துகொண்டிருந்த சமயம் அது. அவற்றில் ஒன்று, புறநகர் விஷயங்களை வாரம் ஐந்து நிமிடம் பேச ஆள் தேடியது. தாம்பரம் மார்க்கெட் முதல் அனகாபுத்தூர் தறிகள் வரை பத்து வருடமாக எழுதியும், பத்திரிகையில் என் பெயர் வராது, 'நமது நிருபர்' என்றுதான் வரும். வானொலியில் பெயர் சொல்வார்கள். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும் என்றிருந்தது.

குரல் தேர்வன்று, பதற்றத்தில் வாசல் கடையில் ஒரு கோலி சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

சுவரெல்லாம் பஞ்சு பதித்த அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் பெண். ஹெட்போனை மாட்டியதும் திடுக்கிட்டேன். எச்சில் விழுங்கினால் கிணற்றில் வாளி விழுவது போலிருந்தது. உதடு பிரிவது கேட்டது. மூச்சு யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குவது போல வந்தது. நான்காவது வரியில் சோடா மேலே ஏறியது. வழக்கம்போல வாக்கியத்தை நிறுத்திக் காத்திருந்தேன்.

"சார், ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

மறுபடி படித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றேன். மூன்றாவது முறை நின்றபோதுதான், நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. அந்த அறைக்குள் எந்த விமானமும் வரப்போவதில்லை. அதற்குள் வயிறு நீளமாக உருண்டது.

"ஏ.சி. சத்தமா மேடம்?" என்றேன்.

"இல்ல சார், உங்க வயிறு. என்னுதும்தான் காலையிலேர்ந்து கத்துது. மைக் உங்க பக்கம் இருக்கறதால நான் தப்பிச்சேன்."

சோடாவைப் பற்றிச் சொன்னேன். விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார்.

"பல்லாவரம் பூரா இப்படித்தானா? விட்டுடுங்க சார், கட் பண்ணிக்கறேன். அதுக்குத்தான சம்பளம் தர்றாங்க."

முன்பின் தெரியாத ஒருவர் எதிரில், முழு அமைதியில் விட்டேன். என் காதில் தவில் அடித்தது போலிருந்தது. அவர் தலைகூட நிமிரவில்லை. "ம், ரோலிங்" என்று பதிவை ஓடவிட்டார். ஐந்து நிமிடத்தையும் தடங்கலில்லாமல் படித்து முடித்தேன்.

பதிவைப் போட்டுக் காட்டினார். மெலிந்த, கொஞ்சம் மூக்கால் பேசும் குரல் வந்தது. என் தம்பி பேசுவது போலிருந்தது.

"இது நான் இல்லையே மேடம். என் குரல் இன்னும் கனமா இருக்கும்."

"அது உங்களுக்குள்ள, சார். வெளியில நாங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறோம்."

பத்து வருடமாக இந்தக் குரலில்தான் தாசில்தார்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது கூசியது. வேலை போச்சு என்று ஹெட்போனைக் கழற்றினேன். அப்போது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கியில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இது? நம்ம பக்கத்து வீட்டுக்காரர் பேசற மாதிரி இருக்கு. இவரையே போட்டுடலாம்."

யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.