பரிசத்தன்று மாமா சொன்னது

ஸ்டோர் கதவின் இரும்புச் சாவி அது, ஒரு சாண் நீளம் இருக்கும். ஏலக்காய் உலர்த்தும் அந்த ஸ்டோரின் வாசலில் என் தாய்மாமா வலிப்பு வந்து விழுந்து கிடந்தார். அம்மா சாவியை அவர் கைக்குள் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கியது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுபோச்சு" என்றாள். சாவி இல்லாவிட்டாலும் நின்றிருக்குமா என்று கேட்டேன். "வாய மூடிட்டு இரு. கீழ போயி யார்ட்டயாச்சும் சொன்ன, தோல உரிச்சுப்புடுவேன்." போடியில் இருந்த சொந்தக்காரர்களுக்கு, என் அப்பா உட்பட, மாமாவின் வலிப்பு தெரியாது. மலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த தம்பியை அம்மா அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் பிறந்த அன்றே மாமாவுக்கு என்று பேசி வைத்தாயிற்று. எங்கள் பக்கம் அதுதான் முறை. வலிப்பு வந்த பிறகு அம்மாவின் பிடிவாதம் கூடிப்போயிற்று. வெளியில் யார் அவருக்குப் பெண் கொடுப்பார்கள்? எனக்கோ அந்த வலிப்பின்போது தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மதுரையில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில், மாமா மாத்திரை வாங்கும் டவுன் டாக்டரிடம் கூடவே போய் விசாரித்தேன். முதலில் எம்.பி.பி.எஸ்., பிறகு ஹவுஸ் சர்ஜன், பிறகு எம்.டி., அதற்கும் மேல் சென்னையில் நரம்பு நோய் வார்டில் பயிற்சி என்று அவர் அடுக்கினார். வைத்தியம் பார்ப்பதோடு நிற்காமல் நோயையே ஆராய வேண்டுமென்றால், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இன்னும் சில வருஷமாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் மாமா கேட்டார்: "அம்புட்டும் சரி புள்ள. இதுல கல்யாணத்த எங்கிட்டு வைக்கிற?" மாமாவை எனக்குப் பிடிக்கும், அது வேறு சங்கடம்.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததுதான் தாமதம், அம்மா பரிசம் போட ஆட்களைக் கூட்டிவிட்டாள். "படிச்சது போதும். டாக்டராகி ஆருக்கு ஊசி போடப் போற?" அப்பா வழக்கம்போல வாயே திறக்கவில்லை. தட்டு மாற்றிவிட்டால் கல்லூரி இல்லை. நான் மறுத்தால் அம்மா என் முகத்தில் முழிக்கமாட்டாள். வெற்றிலைத் தட்டில் கை வைக்கும் நேரம் மாமா எழுந்து அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், எனக்கு காக்கா வலிப்பு இருக்கு. பொறக்குற புள்ளைக்கும் வரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. கூடப்பொறந்த பாசத்துல அக்கா மறச்சுப்புட்டா, அவள வையாதீக."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, ஒந்தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியே!" அன்றைக்குத்தான் அப்பா வாய் திறந்தார். "எம்புள்ள படிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். சேதி சிலமலை, ராசிங்காபுரம் வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு மாமாவுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. நான் மதுரைக்கு ரயில் ஏறினேன்.

வலிப்புள்ளவர்களின் வீட்டார் இன்றைக்கும் என்னிடம் முதலில் கேட்பது, பிள்ளைக்கும் வருமா என்பதுதான். காரணத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பேன். சென்னையில் பயிற்சியில் இருந்தபோது நான் அப்படிக் காரணம் தேடிய முதல் ஆட்களில் மாமாவும் ஒருவர். மற்ற நோயாளிகளைக் கேட்பதுபோலவே, வலிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டேன். மலைப்பாதையில் வழுக்கி, பாறையில் மண்டை உடைந்த பிறகுதான் என்றார். என் விரலைப் பிடித்து முடிக்குள் இருந்த தழும்பில் வைத்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இது அடிபட்டதால வந்தது மாமா! புள்ளைக்கெல்லாம் வராது. அந்த டாக்டர் எப்படி அப்படிச் சொன்னாரு?"

"அவரு எங்க சொன்னாரு? தாராளமாக் கல்யாணம் பண்ணிக்கன்னுதான் சொன்னாரு."

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுங்கும்பாக. நிறுத்துறதுக்கு ஒண்ணு போதும் புள்ள."

வார்டு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.