கமலா திரும்பிப் பார்க்கமாட்டாள்

கமலா இறந்துவிட்டாள் என்ற செய்தி வாட்ஸாப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. பழைய கால்பந்து ஆட்டக்காரிகள் சேர்ந்து வைத்திருக்கும் குழு அது. உயிரோடிருக்கும் ஒரு கோச்சுக்கு ஏற்கெனவே ஒருமுறை அதில் மாலை போட்டிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய படம்தான், இந்திய அணிச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள். எவளோ விளையாடுகிறாள் என்று முடிவுகட்டி அவள் எண்ணுக்கே போன் போட்டேன். அவளுடைய அம்மா எடுத்தார். "காமாலை முத்திப்போச்சு செல்வி. யாருக்கும் சொல்ல வேணாம்னுட்டா. காலைல போய்ட்டா" என்றார். அப்போதும், அழாமல் பேசுகிறாரே, எங்கேயோ இடிக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

வெள்ளிமலையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்த நீங்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். மைக்கைப் பிடித்து, "ரொம்ப நல்ல ஆட்டக்காரி" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டவள் நான்தான். இறங்கி வரும்போது பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது காதில் விழுந்தது. "நேபாளத்துக்கு மேட்ச்ச வுட்டுக் குடுத்துட்டான்னாங்களே, அது இந்தப் பொண்ணுதான?" பக்கத்து ஆள், "அப்டித்தான் பேசிக்கினாங்க" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒருத்தி போய்விட்டாள். மற்றவள் அங்கே வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கமலாவின் அம்மா கல்வராயன் மலைக்காரர். சின்னசேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்க இறங்கி வந்தவர். அப்பா நேபாளத்திலிருந்து வந்து அதே ஆலை வாசலில் காவலுக்கு நின்றவர். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை, கூர்க்கா என்றே கூப்பிட்டார்கள். மகளுக்குக் கீழே போனால் மலைக்காரி என்று பெயர், மேலே போனால் கூர்க்கா மவ. சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் அவள் முகத்தையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்து, "நீ இன்னா ஆளும்மா?" என்றாராம். "ஸ்டாப்பர் சார்" என்றிருக்கிறாள். கோலுக்கு நேர் முன்னால் நின்று தடுக்கிறவளுக்கு எங்கள் ஆட்டத்தில் அதுதான் பெயர். அவர் சிரிக்கவில்லை. சான்றிதழும் கிடைக்கவில்லை.

நான் நைனார்பாளையத்து விவசாய வீட்டுப் பெண். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்திவிட்டாரோ என்று எங்கள் அப்பா தினமும் காலையில் அடி வைத்து அளப்பார். ஒருநாளும் அது நகர்ந்ததில்லை, அவர் அளப்பதை நிறுத்தியதும் இல்லை. அந்த ரத்தம்தான் என்னைக் கோல் கீப்பராக்கியது போலிருக்கிறது. எதிரே வருகிற எல்லாரையும் சந்தேகப்படுவதற்குப் பாராட்டும் வாங்கலாம் என்றால் அதைவிட எனக்குப் பொருத்தமான வேலை ஏது?

கமலா அப்படியே எனக்கு நேர்மாறு. ஆட்டத்தில் அவள் பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டாள். நெருக்கடி வந்தால் பார்க்காமலே பந்தைப் பின்னுக்குத் தட்டிவிடுவாள். இடது கம்பத்திலிருந்து இரண்டு எட்டு உள்ளே நான் நிற்பேன், பந்து என் காலுக்கு வந்து சேரும். மாவட்ட அணியில் தொடங்கி இந்திய அணிவரை இதுதான் எங்கள் வழக்கம். "ஒருநாள் மாட்டப் போற. திரும்பிப் பாத்துட்டுத் தட்டுனா இன்னாடி கொறஞ்சிடும்?" என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். "பின்னாடி நீ கீற. அப்பறம் நான் எதுக்குப் பாக்கணும்?" என்பாள்.

இந்திய அணியில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குள் இரண்டே சொற்கள். "நில்லு" என்றால் பந்து பின்னால் வருகிறது, உன் இடத்திலேயே இரு. "வா" என்றால் வெளியே ஓடிவந்து நீயே எடு. மற்றவர்களுக்கு இரண்டும் வெறும் சத்தம்.

நேபாளத்தோடு ஆட்டம் வந்தது. மைதானத்துக்குள் போக இரு அணியும் வரிசையில் நின்றபோது, கமலா எதிரணி முன்வரிசைக்காரி ஒருத்தியோடு அப்பாவின் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரியாத பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. "இன்னாடி பேசிக்கினு கீற அவகூட?" என்றேன். "அப்பறம் சொல்றேன்" என்றாள். ஆட்டம் முழுக்க அந்த 'அப்பற'த்தையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடியப் போகிற நேரத்தில் ஒரு நீளப் பந்து எங்கள் பக்கம் வந்தது. அதே முன்வரிசைக்காரியும் கமலாவும் தோளோடு தோள் உரசி ஓடி வந்தார்கள். பந்து கமலாவின் காலுக்குத்தான் வந்தது. "நில்லு!" என்று கத்தினாள். எனக்குள் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவள் விட்டுக்கொடுத்துவிடுவாளோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நினைத்தேன். பாய்ந்து வெளியே ஓடினேன். அவள் வழக்கம்போலத் திரும்பாமல் பந்தைப் பின்னுக்குத் தட்டினாள். நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. பந்து அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது.

கோச் என்னைத் தனியாக அழைத்து, ஏன் வெளியே வந்தாய், அவள் என்ன கத்தினாள் என்று கேட்டார். "வா என்றாள்" என்றேன். பொய். ஒரே ஓர் எழுத்து. கீப்பரை வெளியே இழுத்துவிட்டுக் காலிக் கோலுக்குள் தட்டினாள் என்று ஆகிவிட்டது. அவளை யாரும் குற்றம் சாட்டவில்லை, அடுத்த முகாமுக்கான பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். பிறகு இங்கே டீக்கடைகளில் மிச்சத்தைப் பேசி முடித்தார்கள். நான் மேலும் சில ஆண்டுகள் ஆடினேன். அதை வைத்து வேலை கிடைத்தது, இன்று ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் திரும்பும் ரயிலில் அவளாகவே சொன்னாள். "அந்தப் பொண்ணு, உங்கப்பா எந்த ஊருன்னு கேட்டுச்சு. எனக்கே தெரியாதுன்னேன். அதுக்குத்தான் சிரிச்சிக்கினோம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு கமலா குட்டி யானை ஓட்டினாள். மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிச் சின்னசேலத்துக்கு வருகிற அந்தச் சின்ன லோடு வண்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் ஆலை வாசலில் என்னைக் கண்டுவிட்டு, "ஏய் செல்வி! பின்னாடி போய் நின்னு சொல்லுடி, ரிவர்ஸ் எடுக்கணும்" என்றாள். பின்னால் கழிவுநீர்ப் பள்ளம். இரண்டு பக்கக் கண்ணாடியும் நன்றாகத்தான் இருந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை, நேராக முன்னால் பார்த்தபடி வண்டியைப் பின்னுக்கு விட்டாள். "வா… வா… நில்லு!" என்று கத்தினேன். டக்கென்று நின்றது. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

இறங்கி வந்து டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தபடி அவள் முகத்தை ஓரக்கண்ணால் அளந்தேன். தெரிந்துதான் செய்கிறாளா? குத்திக் காட்டுகிறாளா? அன்றிலிருந்து ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் பேச்சை மோப்பம் பிடித்தேன். டீச்சரம்மா என்று கிண்டல் செய்தால், வேலையைச் சொல்லிக் காட்டுகிறாளோ என்று யோசிப்பேன். நேரே கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. ஊர்ப் பேச்சைப் பற்றி ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டேன். "சந்தேகப்படறவங்க பட்டுக்கினு போறாங்க. வுடு, நமக்கு ஜாஸ்தி வேல கீது" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி கொடுத்தார். "அந்த மேட்ச்சுல கமலா வான்னு சொல்லலம்மா" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "தெரியும். அன்னிக்கே கோச்சு அவளையும் கேட்டாராம், வான்னு கூப்ட்டியான்னு. ஆமான்னுட்டாளாம். பைத்தியக்காரி, ஏண்டி ஆமான்னேன்னு அடிக்கவே போய்ட்டேன். 'அவ பயந்துட்டாம்மா. இல்லன்னு சொல்லி ரெண்டு பேரும் சண்ட போட்டா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. ஒருத்தியாச்சும் ஆடட்டும்'னா" என்றார்.

பழக்கதோஷம், இதையும் சந்தேகப்பட்டேன். மகளைப் பறிகொடுத்தவர், என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாரோ? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "காப்பி ஆறிப்போவுது பாரு" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் அன்று உரக்க அழுதவள் நான் ஒருத்திதான்.

கீப்பருக்குத் தன் ஸ்டாப்பரின் முகத்தைவிட முதுகுதான் அதிகம் தெரியும். கமலாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வியர்வையில் ஒட்டிய சட்டை, அதில் நான்காம் எண், என் பக்கம் ஒருநாளும் திரும்பாத கழுத்து. நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரிந்த பிறகும் அது திரும்பவில்லை.

பின்வரிசையில் கேட்டவரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அவள் "நில்லு" என்றுதான் கத்தினாள். எனக்கு நன்றாகக் கேட்டது.