வைக்கோலில் ஒட்டிய நெல்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். மெக்கானிக்கல் முடிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன திறனும் பண்பும் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமாம். பட்டியலையும் அவர்களே போட்டிருந்தார்கள். பேச்சுத் திறமை, கூடி வேலை செய்யும் குணம், தொழிலாளரோடு இணக்கம். கடைசியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இணக்கத்துக்காகத்தான் என்னை ஒருகாலத்தில் வேலைக்கு எடுத்தார்கள்.

எங்கள் கூலித் தெருவில் முதலில் பி.ஈ. படித்தவன் நான். தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் கம்பெனியில் நேர்காணல். மேனேஜருக்குப் பக்கத்தில் கம்பெனியின் பங்குதாரர், எங்கள் ஊர் மிராசுதார். ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறியிருந்தது. வாய் நிறைய ஏழை, எளியவர் என்றார். வெப்ப இயக்கவியலை உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

"களத்துல சேதாரம் ஜாஸ்தியா இருக்கு தம்பி. கையால அடிச்சா வைக்கோல்லயே நெல்லு தங்கிடுது. என்ன பண்ணலாம்?" என்றார் மிராசுதார்.

நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். டிராக்டரை வட்டமாக ஓட்டி நெல்தாளை மிதிக்க விடலாம், இன்ன வேகம், டயரில் இன்ன காற்று, ஒரு நெல்மணிகூட மிஞ்சாது என்றேன். மூளை எங்கே போயிருந்ததோ! அடித்த பிறகு வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல்லை எங்கள் பெண்கள் உதறிப் புடைத்து வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். அதைத் தின்று வளர்ந்த நான்தான் அதைச் சேதாரம் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த அறுப்பில் ஜீப்பில் ஏற்றி என் ஊருக்கே அனுப்பினார்கள். களத்தில் பரப்பிய தாளின் மேல், டிராக்டரை ஏற விடாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிராக்டர் நின்றது. முதல் வரிசையில் மடியில் முறத்தோடு என் அம்மா.

"நீங்க சொன்னா கேப்பாங்க. அதுக்குத்தானே உங்கள எடுத்தோம்" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனால் வாயைத் திறந்தவன் நான்தானே?

"எந்திரிம்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டிராக்டர் ஏறியது. நான் கணக்குப் போட்டுச் சொன்னபடியே ஒரு மணி மிஞ்சவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், வேலையை விட்டுவிடுகிறேன் என்று கத்தினேன்.

"எதுக்குக் கத்துற? நீ சொன்னதுக்கா எந்திரிச்சேன்? பக்கத்துல இருந்தவ ஒன்னைத் திட்ட வாயெடுத்தா. அது என் காதுல விழக்கூடாதுன்னு எந்திரிச்சேன்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் அறுப்புக்குப் போகும்போது அவளைக் கூப்பிடவில்லை. வாசலைத் தாண்டித்தான் போனார்கள், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேலையை விடவும் இல்லை.